மூணு டன் என்று பெயர் வைத்த டிரெய்லர்

யார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு,

பாதுகாப்பு வார விழாவில் எனக்குச் சால்வை போட்டு, கையில் மைக்கைக் கொடுத்து, "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்றார்கள். நான் வணக்கம் சொன்னேன், நன்றி சொன்னேன், இறங்கிவிட்டேன். இடையில் சொல்ல வேண்டியதுதான் விட்டுப்போயிற்று. நாலு பேர் என்னையே பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்த ஐந்து வருஷமும் "உள்ளேன் ஐயா" சொல்வதற்கே வியர்த்தவன். ஆனாலும் நீங்கள் பலமாகக் கை தட்டினீர்கள். அன்றைக்குப் பேசியவர்களில் சீக்கிரம் முடித்தவன் நான்தான் என்பதால் இருக்கும்.

விட்டுப்போனதை எழுதித் தருகிறேன். முதுகெலும்பு தேய்ந்து, வயதுக்கு முன்பே ஸ்டியரிங்கை விட்டு இறங்கியவனுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை.

ஜீப்பை டிரெய்லரில் எப்படி ஏற்றுவது, பெல்ட்டை எங்கே இறுக்குவது என்பதற்கெல்லாம் இப்போது வீடியோ இருக்கிறதாம். பாருங்கள். எந்த டிரெய்லரில் ஏற்றுவது என்பதற்கு மட்டும் வீடியோ கிடையாது. காலியாக நிற்பது எதுவோ, அதுதான் சரியான டிரெய்லர் என்பது நம் தொழிலில் பரம்பரையாக வரும் சாஸ்திரம்.

மலையேறுகிற வண்டி வைத்திருப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். நண்பர்களிடம் பேசும்போது, "பம்பர் மட்டுமே ஒரு ஆள் தூக்க முடியாது, யானை முட்டினாலும் அசையாது" என்பார்கள். டிரெய்லர் வாடகை பேசும்போது அதே வண்டி பூனைக்குட்டி ஆகிவிடும். "சின்ன வண்டிதாங்க, சும்மா ஒரு ஓரமா ஏத்திக்கினு போங்க" என்பார்கள். கம்பெனிக்காரர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். அவர்களிடம் அச்சடித்த எடை இருக்கும். பூனைக்குட்டியைவிட ஆபத்தானது அது. ஏனென்றால் அதை எல்லோரும் நம்புவார்கள்.

எங்கள் பழைய யார்டு பிள்ளைப்பாக்கத்தில் இருந்தது. அங்கே லாரிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற டிரெய்லர் இரண்டு உண்டு. ஒன்றின் பெயர் மூணு டன், இன்னொன்றின் பெயர் அஞ்சு டன். பெயரென்றால் பெயர்தான். "மூணு டன்ன கழுவி வுட்டாச்சா?" "அஞ்சு டன்னுக்கு டயர் போச்சு." பிள்ளைக்கு ராஜா என்று பெயர் வைத்தால், எந்த நாட்டை ஆள்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. டிரெய்லரிடமாவது கேட்டிருக்கலாம். மூணு டன் என்றால் எதெது சேர்ந்து மூணு டன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

அதற்கு எங்கள் பெயிண்டரும் ஒரு காரணம். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வருவார். டிரெய்லர் முன்பக்கத்துத் தகட்டில் '3 டன்' என்று பெரிதாக மஞ்சளில் எழுதி, இரண்டு பக்கமும் தாமரைப் பூப் போடுவார். கண்ணை எடுக்க முடியாது, அவ்வளவு அழகு. பெரிய எழுத்துக்குக் கீழே சின்னதாக இருந்ததையெல்லாம் பச்சை பெயிண்டால் ஒரே இழுப்பாக இழுத்துவிடுவார். அதன் மேல் நாங்கள் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவோம். பாதுகாப்புக்கு இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஒரு வேலை வந்தது. ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்று புதிதாகச் செய்த மலையேறும் வண்டியைச் சோதனைக்காக ஜவ்வாது மலைக்குக் கொண்டுபோக வேண்டும். பாறை, சேறு, ஓடை எல்லாவற்றிலும் ஓடக்கூடிய வண்டி. ஆனால் நம்பர் வாங்காத வண்டி, தார் ரோட்டில் ஓடக் கூடாது. அதனால் மலையேறும் வண்டியை மலை வரைக்கும் நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

வண்டியோடு வந்தவர் செல்வின். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, கான்ட்ராக்ட் இன்ஜினியர். தாடி கூடச் சரியாக முளைக்காத முகம், கழுத்தில் சிலுவை டாலர். மறுநாள் மத்தியானம் மலை மேலே கம்பெனியின் பெரிய அதிகாரிகள் வந்து வண்டியைப் பார்க்கிறார்கள். சோதனை நல்லபடியாக நடந்தால், நிரந்தரம் செய்கிறவர்களின் பட்டியலில் செல்வின் பெயரும் இருக்கும். யார்டுக்குள் வந்த சற்று நேரத்தில் இதை வாட்ச்மேன், டீக்காரர், நான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

வண்டிக்குள் அவருக்கு முன்பே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மணல் மூட்டைகள். ஆள் ஏறினால் எவ்வளவு எடையோ அவ்வளவு மணலை மூட்டை கட்டி, டிரைவர் சீட் தவிர, சீட்டுக்கு ஒன்றாக உட்கார வைத்து, சீட் பெல்ட் போட்டிருந்தார்கள். போடாவிட்டால் வண்டி கத்துமாம். கம்பெனிப் பையன்களுக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது, மூட்டைகளுக்குப் பழைய யூனிஃபார்ம் சட்டையும் மாட்டி, தலையில் தொப்பியும் வைத்திருந்தார்கள். டிக்கியிலும் லக்கேஜுக்குப் பதிலாக மணல். எல்லாவற்றையும் சுற்றிப் பட்டை ஓட்டி, அதன் மேல் கம்பெனி சீல். மேல்கூரை இல்லாத வண்டி அது. ஏற்ற வேண்டிய நாளுக்கு முந்தின நாளே வந்து, மழையில் திறந்தபடி எங்கள் யார்டில் நின்றது. தார்ப்பாய் போட்டு மூடலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. மணலுக்கு ஜலதோஷம் பிடிக்குமா என்ன?

மறுநாள் காலையில் பார்த்தால் அஞ்சு டன் இல்லை. முதலாளியின் மச்சான் ஸ்ரீபெரும்புதூரில் நடத்துகிற கல்யாண மண்டபத்துக்கு ஜெனரேட்டர் ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

"மூணு டன்ல ஏத்து" என்றார் மேனேஜர். "வண்டி எவ்ளோ தம்பி?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோ சார். புக்லயே போட்டிருக்கு" என்றார் செல்வின்.

"அப்புறம் இன்னா? ரெண்டு டன்னு கூட இல்ல. டிரெய்லர் மூணு டன். இன்னொரு டன்னு சும்மா கீது."

மணலைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வந்தது. மேனேஜர் என்னைப் பார்த்தார். வாய் திரும்பிப் போய்விட்டது. தம்பிகளே, பேசாத ஆளை எல்லோருக்கும் பிடிக்கும். ஏனென்றால் பேசாத ஆளைச் சம்மதித்த ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். "அவரு கேள்வியே கேக்க மாட்டாரு, தங்கமான மனுசன்" என்று மேனேஜர் செல்வினிடம் சொன்னார். அந்தத் தங்கத்தின் எடையைத்தான் கொஞ்ச நேரத்தில் பார்க்கப் போகிறோம்.

ஏற்றினோம். டிரெய்லரின் ஸ்பிரிங் பட்டைகள் வளைவு போய்த் தட்டையாகப் படுத்துவிட்டன. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் எப்போதும் என் கை நுழையும். அன்றைக்கு விரல்தான் நுழைந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு லாரியில் ஏறி உட்கார்ந்தேன்.

வாலாஜாபாத் போகிற ரோட்டில் ஏறி, கொஞ்சம் வேகம் எடுத்ததும் பின்னால் டிரெய்லர் ஆட ஆரம்பித்தது. முதலில் நாய் வாலாட்டுகிற மாதிரி அன்பாக ஆடியது. அடுத்த நொடி லாரியின் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து ஆட்டியது. ஸ்டியரிங் என் கையில் இருந்தது, வண்டி என் கையில் இல்லை. பக்கத்தில் கம்பெனி பஸ் ஒன்று ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. ஜன்னல் ஓரம் ஒரு பெண் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"பிரேக் போடுங்க அண்ணாச்சி! பிரேக்கு!" என்று பக்கத்து சீட்டில் இருந்த செல்வின் கத்தினார்.

போடவில்லை. அந்த நேரத்தில் பிரேக்கில் கால் வைத்தால் பின்னால் வருவது முன்னால் வந்துவிடும். ஆக்ஸிலேட்டரை மட்டும் விட்டேன். ஸ்டியரிங்கைத் திருப்பிச் சண்டை போடாமல் நேராகப் பிடித்திருந்தேன். ஒன்றும் செய்யாமல் இருப்பதைப் போலக் கஷ்டமான வேலை உலகத்தில் கிடையாது. பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது.

செல்வின் டாலரை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். "மாதாவே" என்றார். பிறகு, "சரி, மெதுவா போலாம், போயிருவோம்லா?" என்றார்.

சற்றுத் தள்ளி ரோட்டோரம் ஓர் எடை மேடை இருந்தது. லாரியை அதற்குள் திருப்பினேன்.

அந்த எடை மேடையை நடத்தியது ஒரு அம்மா. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டே இந்த ரோட்டில் ஓடும் எல்லா லாரிக்காரர்களையும் மிரட்டி வைத்திருந்தவர். எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணே, குடும்பத்தோட கெளம்பிட்டியா? அஞ்சு பேரும் யூனிஃபார்ம்ல கீறாங்க."

"மணலும்மா."

"தெரியுது, தெரியுது. எங்கூட்டுக்காரரு கூட அப்படித்தான் உக்காருவாரு. டிரெய்லரக் கழட்டி மேடையில வுடு, பாக்கலாம்."

லாரியைக் கழற்றித் தள்ளி நிறுத்தி, டிரெய்லரின் முன்பக்கத் தாங்குகாலை மேடையிலேயே இறக்கினேன். எடை காட்டும் பெட்டியில் எண் ஏறியது. ஏறிக்கொண்டே போயிற்று. மூவாயிரத்து முந்நூற்று நாற்பதில் நின்றது.

"ஒங்க மெசினு தப்பும்மா" என்றார் செல்வின். "வண்டி ஆயிரத்துத் தொள்ளாயிரம். மணல் நானூத்தம்பது. மொத்தமே ரெண்டாயிரத்து முந்நூத்தி அம்பதுதான்."

"அப்போ டிரெய்லரு? அது இன்னா பேப்பர்ல செஞ்சதா தம்பி? அதுக்கு எடை கெடையாதா?"

செல்வின் என்னைப் பார்த்தார். நான் தாமரைப் பூவைப் பார்த்தேன். லாரிச் சாவியை எடுத்து, '3 டன்'னுக்குக் கீழே இருந்த பச்சை பெயிண்டைச் சுரண்டினேன். எத்தனை ஆயுத பூஜையோ அத்தனை அடுக்கு. கடைசியில் தகட்டில் பொறித்திருந்த எழுத்து தெரிந்தது. டிரெய்லரின் சொந்த எடை தொள்ளாயிரம் கிலோ. அது போக ஏற்றக்கூடியது இரண்டாயிரத்து நூறு. இரண்டும் சேர்ந்துதான் மூணு டன். இத்தனை காலமும் மூணு டன்னில் முக்கால் பங்குகூட இல்லாத ஒன்றுக்குத்தான் நாங்கள் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தோம்.

செல்வின் விரல் விட்டுக் கூட்டினார். "அப்படிப் பாத்தாலும் தொண்ணூறு கிலோ இடிக்குதே அண்ணாச்சி?"

மூட்டையை அமுக்கிப் பார்த்தேன். தண்ணீர் கசிந்தது. முந்தின நாள் மழை ஆறாவது ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தது, சீட் பெல்ட் கூடப் போடாமல்.

செல்வின் மேனேஜருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மூணு டன்னுல முந்நூறு கிலோ ஒரு எடையா? மெதுவா ஓட்டச் சொல்லு. இன்னாத்துக்கு எடை போட்டீங்க? போடலன்னா ஒரு பிரச்சினையும் இல்லல்ல?" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சுவரில் எழுதி மாட்டலாம். இந்தச் சாலை நெடுகிலும் அதன் மேல்தான் பாதி வண்டி ஓடுகிறது.

"முடியாது சார்" என்றேன்.

போனுக்குள்ளிருந்து மேனேஜர் கேட்டார், "யாருப்பா அது நடுவுல பேசுறது?"

"டிரைவர்தான் சார்" என்றார் செல்வின்.

"அவரா? அவரு பேசுவாரா?"

பேசினேன். மேலே கொண்டைஊசி வளைவுகள் இருக்கின்றன சார், நேர் ரோட்டிலேயே இப்படி ஆடினது அங்கே தாங்காது என்று சொன்னேன். மேனேஜர், "அப்போ அஞ்சு டன்னு வர்ற வரைக்கும் அங்கயே குந்திக்கினு இரு" என்று போனை வைத்துவிட்டார். கல்யாணம் முடிந்து, ஜெனரேட்டர் இறங்கி, அது வருவதற்கு மறுநாள் ஆகும். அதிகாரிகள் மத்தியானம் வருகிறார்கள்.

செல்வின் மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "எங்கம்மா ஊர்ல, பையன் பெர்மனென்ட் ஆயிட்டான்னு ஏற்கெனவே சொல்லிட்டாவ அண்ணாச்சி. இந்த ஒரு தடவ. இருவதுலயே ஓட்டுங்க. நான் இறங்கி முன்னால கூட ஓடுதேன்."

இந்த இடத்தில்தான் தம்பிகளே, நமக்குப் புத்தி தடுமாறும். டிரெய்லர் கெஞ்சாது. மனுஷன் கெஞ்சுவான். டிரெய்லர் கெஞ்சாததால் அதன் பக்கம் பேச ஆளே இருக்காது.

"மணல இறக்கி லாரியில போட்டா டிரெய்லர் தாங்கும்" என்றேன். "ஏத்துறது இறக்குறது என் வேலை. சீல உடைக்கிறது உன் வேலை. அத நான் தொட மாட்டேன்."

"சீல் உடைஞ்சா டெஸ்டு செல்லாது. மறுபடி எடை பாத்து சீல் போட ஆளு கம்பெனியிலதான் இருக்கான். மலையில எவன் இருக்கான்?"

"தெரியும் தம்பி."

அவர் ரொம்ப நேரம் அந்த ஐந்து பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய், பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

மணலை லாரிக்கு மாற்றினோம். மறுபடி எடை போட்டால் இரண்டாயிரத்து எண்ணூறு. "இப்போ போ" என்றார் எடை மேடை அம்மா. "போய்க்கினே இருக்கலாம்." செல்வினைப் பார்த்து, "தம்பி, கடலை எடுத்துக்க" என்று ஒரு கை அள்ளிக் கொடுத்தார். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

மூட்டைகள் சரியாமல் இருக்க லாரியின் பின்பக்கம் ஓரமாகச் சாய்த்து உட்கார வைத்துக் கயிறு கட்டியிருந்தோம். சட்டையைக் கழற்ற நேரமில்லை. வழியில் ஒரு போலீஸ்காரர் மழைக்கோட்டோடு கை காட்டினார்.

"ஆளுங்கள இப்படி மழையில நனைய வெச்சுக் கூட்டினு போறியே, நீயெல்லாம் மனுசனா? அவுங்களுக்குக் குடும்பம் இல்ல?"

"சார், அது..."

"பேசாத. யோவ், எல்லாம் எறங்குங்கய்யா. பஸ்ல போங்க."

யாரும் இறங்கவில்லை. அவர் லத்தியால் ஒருவர் தோளைத் தட்டினார். தொப்பி கீழே விழுந்தது. தலை இல்லை. தொப்பியை அவரே எடுத்துத் திரும்ப வைத்துவிட்டு, "போ, போ" என்றார். அந்த வேலையில் மணல் மூட்டைகளுக்காக இரக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான். செல்வினுக்காக இரக்கப்பட அன்றைக்கு ரோட்டில் யாரும் நிற்கவில்லை.

மலை மேலே நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். அதிகாரிகள் குடை பிடித்தபடி நின்றிருந்தார்கள். அவர்களில் பெரியவர் வண்டியைச் சுற்றிவந்தார். அறுந்த பட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"இதை உடைக்க யார் அனுமதி கொடுத்தது?"

"நான்தான் சார் உடைச்சேன்" என்றார் செல்வின்.

நான் லாரிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அங்கேயே நின்றிருக்கலாம். இத்தனை காலமும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். ஆனால் கால் முன்னால் வந்துவிட்டது. "நான் ஓட்ட மாட்டேன்னு சொன்னேன் சார். ஓவர் வெயிட்டு. ரோட்ல ஆடுச்சு."

அவர் என்னைப் பார்த்தார். "விபத்து ஏதாவது நடந்ததா?"

"இல்ல சார்."

"வண்டிக்குச் சேதம்?"

"இல்ல சார்."

"பிறகென்ன?" என்றார். திட்டவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. நல்லபடியாக வந்து நிற்கிற வண்டியைக் காட்டி, இது கவிழ்ந்திருக்கும் என்று எப்படிப் புரியவைப்பீர்கள்? நடக்காத விபத்துக்குச் சாட்சி கிடையாது, போட்டோ கிடையாது. சீல் உடைந்ததற்கு மட்டும் எல்லாமே இருந்தது.

அன்றைய சோதனை கணக்கில் சேரவில்லை. பட்டியலில் செல்வின் பெயர் வரவில்லை. இன்னொரு வருஷம் கான்ட்ராக்டில் இருந்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போனார். அவர் போவதற்கு முன்பே அந்தக் கம்பெனியில் புது விதி வந்துவிட்டது: மணலைத் தனியாக ஏற்ற வேண்டும், சோதனை நடக்கும் இடத்தில் வைத்துத்தான் சீல் போட வேண்டும். அதைக் கண்டுபிடித்ததற்காக ஒரு அதிகாரிக்குக் கேடயம் கொடுத்தார்களாம். கை தட்டியவர்களில் செல்வினும் இருந்திருப்பார்.

அன்றைக்கு மலை இறங்கும்போது மழை விட்டிருந்தது. டிரெய்லர் சத்தமில்லாமல் பின்னால் வந்தது. வளைவுக்கு வளைவு, சொல்வதற்கு ஒன்றுமே நடக்கவில்லை. அடிவாரம் வரும்வரை செல்வின் வாயே திறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதில் நான் கைதேர்ந்தவன், எனக்கே அது தாங்கவில்லை.

கடைசியில் அவரே பேசினார். "நீங்க பேசாம ஓட்டியிருந்தா போய்ச் சேந்திருப்போம்லா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "சேந்திருப்போம் தம்பி. பத்து தடவையில ஒம்போது தடவ சேந்துடும்."

"பொறவு எதுக்கு நிறுத்துனிய?"

"இது எத்தனாவது தடவன்னு எனக்குத் தெரியாது தம்பி."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாலை ஓரத்தில் ஓலைக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை வந்தது. அதைத் தாண்டப் போனபோது என் தோளைத் தட்டினார்.

"நிறுத்துங்க அண்ணாச்சி" என்றார், முகத்தைத் திருப்பாமலே. "உயிரோட இருக்கோம்லா, பசிக்கி."